எண்ணாலும் எழுத்தாலும்

1

ஒரு பொருளின் விலையைத் தவறாகப் போட்டுவிட்ட வியாபாரி, அந்தத் தவறான விலைக்கே அதைக் கொடுக்கக் கடமைப்பட்டவனா? ஒரு காலத்தில் வக்கீல்களும் கல்லாவில் உட்காருகிறவர்களும் மட்டுமே யோசித்துப் பார்த்த கேள்வி இது. இன்று செல்போனில் சாமான் வாங்குகிற எல்லோருடைய கேள்வியும் ஆகிவிட்டது. அப்படி எல்லோருக்கும் உரியதாகிவிட்டதில் அதன் உருவமும் மாறியிருக்கிறது. ‘கடமைப்பட்டவனா?’ என்று யாரும் கேட்பதில்லை. ‘அனுப்புவானா?’ என்று கேட்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்வி முதலாவதை எப்படி விழுங்கிற்று என்பதைத்தான் இங்கு கொஞ்சம் யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

நான் விழுப்புரத்தில் குடியிருந்து திண்டிவனத்தில் வங்கிக் குமாஸ்தாவாக வேலை பார்ப்பவன். காலை ரயிலில் கூட வருகிறவர்களில் இரண்டு இளைஞர்கள் — ஒருவர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, மற்றவர் பாலிடெக்னிக்கில் பாடம் சொல்பவர் — சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் மிகுந்த பரபரப்போடு இருந்தார்கள். முந்தின இரவு ஏதோ ஒரு வியாபார ஸ்தாபனத்தின் வலைத்தளத்தில் 17,490 ரூபாய் வாஷிங் மெஷின் 1,749 ரூபாய்க்குக் கிடந்திருக்கிறது. ஆளுக்கு மூன்று வாங்கிவிட்டார்கள். வீட்டுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, விற்றுக் காசாக்க ஒன்று. பணமும் கட்டியாகிவிட்டது. ஆர்டர் உறுதி என்று செய்தியும் வந்துவிட்டது. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் போனை எடுத்துப் பார்ப்பதும், ‘அனுப்புவானா சார்?’ என்று என்னைக் கேட்பதுமாக இருந்தார்கள். வங்கிக்காரனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. ‘கன்ஃபார்ம்னு மெசேஜ் குடுத்துட்டான். குடுத்துட்டு அப்புறம் இல்லேன்னு சொல்ல முடியுமா? வார்த்தைன்னு ஒண்ணு இருக்குல்ல சார்’ என்றார் பாலிடெக்னிக் ஆசிரியர்.

வார்த்தை என்று ஒன்று அங்கே இருக்கிறதா என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கவனிக்க வேண்டியது அவர்களுடைய காத்திருத்தல். இதே போனில் இதே விதமாக எத்தனையோ சாமான்கள் வாங்கியவர்கள்தான் அவர்கள். செருப்புக்கோ சார்ஜருக்கோ அவர்கள் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கவலைப்பட்டதில்லை. ஒரு விலையை விலை என்று நம்பி வாங்கியவனுக்கு இந்தச் சந்தேகம் எழுவதே இல்லை. சந்தேகம் எழுகிறது என்றால், அந்த எண் எந்த மனிதனுடைய மனசிலும் விலையாக இருந்ததில்லை என்பது வாங்குகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். ‘அனுப்புவானா?’ என்ற கேள்விக்குள் ‘எனக்குத் தெரியும்’ என்ற வாக்குமூலம் இருக்கிறது. கேட்பவன் அதை மற்றவன் தலையில் கேள்வியாக வைத்துவிடுகிறான். இனி யோக்கியனா என்பது நிரூபிக்கப்பட வேண்டியது கம்பெனிதான். தனக்கு அந்தப் பரீட்சை இல்லை.

2

ஆங்கிலத்தில் இந்த விவகாரத்துக்குப் புழங்கும் சொல் ‘ஹானர்’. தவறான விலையைக் கம்பெனி ‘ஹானர்’ பண்ணுமா என்று கேட்கிறார்கள். எங்கள் தொழிலில் அன்றாடம் அடிபடும் சொல் இது. காசோலையை வங்கி ‘ஹானர்’ செய்கிறது, அல்லது செய்யாமல் திருப்புகிறது. தமிழில் நாம் இதற்கு மரியாதை, கௌரவம் என்றெல்லாம் போகவில்லை. ‘செக் பாஸாயிடுச்சு’, ‘செக் திரும்பிடுச்சு’ என்பதோடு நிறுத்திக்கொண்டோம். ஆனால் அந்தக் காசோலைத் தாளில் ஒரு ஏற்பாடு உண்டு. தொகையை இரண்டு தடவை எழுத வேண்டும்: ஒரு தடவை எண்ணால், ஒரு தடவை எழுத்தால். இரண்டும் வேறுபட்டால் என்ன செய்வது என்பதற்கு 1881-ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு பதில் சொல்கிறது. எழுத்தால் எழுதப்பட்ட தொகையே தொகை. நடைமுறையில் வங்கிகள் அப்படிப்பட்ட காசோலையைப் பெரும்பாலும் திருப்பிவிடும் என்பது வேறு விஷயம்.

இந்தப் பிரிவைப் பரீட்சைக்கு நெட்டுருப் போட்டபோது இதில் ஒரு சிந்தனை இருப்பதாக எனக்குப் படவில்லை. இப்போது படுகிறது. எண்ணை எழுதும்போது கை சறுக்குவது சுலபம். ஒரு சைபர் கூடிவிடலாம், ஒரு புள்ளி இடம் மாறிவிடலாம். ஆனால் ‘பதினேழாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு’ என்று எழுத உட்கார்ந்தவன் அதை மனசுக்குள் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லும்போது அவன் அங்கே இருக்கிறான். சட்டம் எழுத்தை நம்புவது, எழுத்தில் ஆள் இருப்பான் என்ற அனுமானத்தில்தான்.

செல்போன் திரையில் வருகிற விலைக்கு எழுத்து கிடையாது. பல சமயங்களில் ஆளும் கிடையாது. சிங்கப்பூரில் 2003 ஜனவரியில் நடந்ததை இதற்கு ஒரு சுத்தமான உதாரணமாகச் சொல்லலாம். டிஜிலேண்ட்மால் என்ற ஸ்தாபனத்தின் வலைத்தளத்தில் 3,854 சிங்கப்பூர் டாலர் விலையுள்ள லேசர் பிரிண்டர் 66 டாலர் என்று வந்துவிட்டது. பயிற்சி வேளையில் ஒரு ஊழியர் இட்ட எண், தெரியாமல் தளத்தில் ஏறிவிட்டது. 66 என்று யாரும் தீர்மானிக்கவில்லை, யாரும் சொல்லவில்லை. சில நாட்கள் அது அப்படியே கிடந்தது. பிறகு ஒரு ராத்திரியில் நண்பருக்கு நண்பர் தகவல் சொல்லி, தவறு கண்டுபிடிக்கப்படுவதற்குள் 784 பேர் 4,086 பிரிண்டர்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். அதில் ஆறு பேர் மட்டும் 1,606 பிரிண்டர்கள். ஸ்தாபனம் கொடுக்க மறுத்ததும் இந்த ஆறு பேரும் வழக்குப் போட்டார்கள். அவர்களில் ஒரு வக்கீலும் உண்டு. 2004-இல் நீதிபதி வி. கே. ராஜா வழக்கைத் தள்ளுபடி செய்தார். 2005-இல் அப்பீல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. காரணம் எளிமையானது: இது தவறு என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும். சந்தை விலை என்ன, விற்றால் என்ன கிடைக்கும் என்று அன்றிரவே தேடிப் பார்த்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். தெரிந்தே ஒருவனுடைய தவறைப் பிடுங்கிக்கொள்கிறவனுக்கு ஒப்பந்தம் என்ற பெயரில் கோர்ட் துணை நிற்காது.

இது இங்கிலாந்தில் 1939-இலேயே தீர்ப்பான சங்கதிதான். அர்ஜெண்டினாவின் முயல் தோல் 30,000, ஒரு தோல் இவ்வளவு என்று பேசிவந்த விலையை விற்பவர் கடைசியில் ஒரு பவுண்டு எடைக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டார். பவுண்டுக்கு மூன்று தோல் நிற்கும். வாங்குபவர் அந்தத் தொழிலிலேயே இருப்பவர். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது.

ஆக, சட்டம் கேட்பது வார்த்தை இருந்ததா என்று மட்டும் இல்லை. கேட்டவன் அதை எதுவாகக் கேட்டான் என்றும் கேட்கிறது. எனக்கு இது சரி என்றே படுகிறது. ஆனால் இவ்வளவோடு முடித்துக்கொண்டால் விஷயம் மிகவும் சௌகரியமாக முடிந்துவிடுகிறது — கம்பெனிகளுக்குச் சௌகரியமாக.

3

நம் ஊர்ச் சட்டம் இவ்வளவு இரக்கம் காட்டுவதில்லை. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஒரு தரப்பு மட்டும் தவறாக எண்ணிக்கொண்டது என்பதனாலேயே ஒப்பந்தம் ரத்தாகத் தக்கதாகிவிடாது என்கிறது. 2014 டிசம்பரில் ஒடிசாவில் ஒரு சட்ட மாணவர் அமேசானில் 190 ரூபாய்க்கு ஒரு மடிக்கணினிக்கு ஆர்டர் கொடுத்தார். அதன் விலை 23,499. உறுதி செய்த சில மணி நேரத்தில் விலைக் கோளாறு என்று சொல்லி ரத்து செய்துவிட்டார்கள். அவர் விடவில்லை. 2021-இல் ஒடிசா மாநில நுகர்வோர் ஆணையம் அவருக்கு 40,000 ரூபாயும் செலவுத்தொகை 5,000 ரூபாயும் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. 190 ரூபாய்க்கு மடிக்கணினி கிடைக்கும் என்று அவர் நம்பியிருக்க முடியுமா என்ற கேள்வியை முயல் தோல் வழக்கின் நீதிபதி முதலில் கேட்டிருப்பார்.

அந்தக் கேள்விக்கு ஒரு எதிர்க்கேள்வி உண்டு. நம்பக்கூடாது என்பதை ஒருவன் எதைக்கொண்டு தெரிந்துகொள்வது? எந்தப் பொருளைத் திறந்தாலும் மேலே ஒரு பெரிய விலை அடித்துக் கோடு போட்டிருக்கிறது, கீழே 70 சதவீதம் தள்ளுபடி, 80 சதவீதம் தள்ளுபடி. அந்த அடிக்கப்பட்ட விலைக்கு எவனாவது எப்போதாவது அதை வாங்கியிருக்கிறானா என்பது யாருக்கும் தெரியாது. ‘இன்னும் இரண்டுதான் பாக்கி’ என்று ஒரு வரி. ‘இன்னும் பத்து நிமிஷத்தில் முடிகிறது’ என்று ஒரு கடிகாரம். இந்தத் தந்திரங்கள் இவ்வளவு பெருகிவிட்டதால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பதின்மூன்று வகைகளாகப் பட்டியலிட்டுத் தடை விதித்தது. அதில் பொய்யான அவசரம் காட்டுவதும் ஒன்று. நிஜ விலை எது என்ற பிரக்ஞையையே வாங்குகிறவனிடமிருந்து திட்டமிட்டு அழித்துவிட்டு, ஒரு நாள் தன் எண் சறுக்கிவிட்டபோது மட்டும் ‘இது தவறு என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?’ என்று கேட்கிற உரிமை இந்த வியாபாரிக்கு எங்கிருந்து வருகிறது? நாள் முழுக்க நம்பமுடியாத விலைகளை நம்பச் சொல்லிக்கொண்டிருப்பவன் அவன்தானே?

இந்த எதிர்க்கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒடிசா தீர்ப்பு எனக்கு உவப்பானதாகவே இருக்கிறது. சட்டப்படி விலை நோட்டீஸ் என்பது வெறும் அழைப்புதான், கேட்பவன் வாங்குகிறவன்தான், சாமானை அனுப்பும்போதுதான் ஒப்பந்தம் பூர்த்தியாகிறது என்று பல கம்பெனிகளின் நிபந்தனைகள் சொல்கின்றன. அதாவது, பணம் வாங்கும்போது உறுதி, பொருள் கொடுக்கும்போது அழைப்பு. இப்படி இரண்டு பக்கமும் கதவு வைத்துக்கொண்டவனைக் கோர்ட் ஒரு பக்கக் கதவைச் சாத்தச் சொல்வதில் தப்பில்லை.

ரயில் நண்பர்களுக்கு நாலாம் நாள் பணம் திரும்பி வந்துவிட்டது. ‘ஏமாத்திட்டான் சார்’ என்றார் மருந்துப் பிரதிநிதி. ஏமாற்றம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் இருக்கிறது. எதிர்பார்த்தது கிடைக்காமல் போவதும், ஒருவன் நம்மை வஞ்சிப்பதும். முதலாவது நேர்ந்திருக்கிறது. இரண்டாவது நேர்ந்ததா? அந்தக் கம்பெனி மற்ற நாட்களில் அவர்களை எவ்வளவோ ஏமாற்றியிருக்கலாம். அந்த ஒரு ராத்திரியில், அந்த ஒரு எண்ணைக் கொண்டு, ஏமாற்ற முயன்றது யார்?

4

இந்த இடத்தில் நம் மேடைப் பேச்சாளராக இருந்தால் பட்டினப்பாலைக்குப் போய்விடுவார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் வாங்குவதில் மிகையும் கொடுப்பதில் குறையும் செய்யாதவர்கள் என்பதைச் சொல்லி, கைதட்டு வாங்கி, உட்கார்ந்துவிடுவார். பழம்பெருமை என்பது யோசிக்காமல் இருப்பதற்கு நாம் கண்டுபிடித்த உபாயம். அந்த வணிகன் முன்னால் ஒருவன் தங்கத்தைப் பித்தளை என்று எண்ணிக் கொண்டுவந்து நின்றிருந்தால் என்ன செய்திருப்பான் என்பதுதான் விஷயம்.

இந்த உதாரணம் என்னுடையதில்லை. கி.மு. 44-இல், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்காக சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பாகத்தில் வருகிறது. தங்கத்தைப் பித்தளை என்று நினைத்து விற்கிறான் ஒருவன். நல்லவன் என்ன செய்வான்? அது தங்கம் என்று சொல்வானா, அல்லது ஆயிரம் பெறுமானமுள்ளதை ஒரு காசுக்கு வாங்கிக்கொண்டு போவானா? டயோஜினீஸ், ஆன்டிபேட்டர் என்ற இரண்டு ஸ்டோயிக் ஆசிரியர்களுக்கிடையே இப்படிப்பட்ட கேள்விகளில் தகராறு. விற்பவன் வாங்குபவன் உறவில் சட்டம் கேட்பதற்கு மேல் நான் எதையும் வெளியிட வேண்டியதில்லை என்பது டயோஜினீஸ் கட்சி. மனித குலத்தோடு உனக்கு உள்ள உறவு வியாபாரத்துக்கு வெளியே நின்றுவிடுகிறதா என்பது ஆன்டிபேட்டர் கட்சி. சிசரோ பெரும்பாலும் இரண்டாமவர் பக்கம்.

அதே பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது. கள்ள நாணயத்தைத் தெரியாமல் வாங்கிவிட்டவன், தெரிந்த பிறகு அதை நல்ல காசாக இன்னொருவனுக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்கிறார் டயோஜினீஸ். ஆன்டிபேட்டர் கூடாது என்கிறார். கவுண்டரில் உட்காருகிறவனுக்கு இது இரண்டாயிரம் வருஷத்துப் பழைய கேள்வியாகத் தெரியாது. கள்ள நோட்டு ஒன்று வங்கிக்கு வந்தால் நாங்கள் அதன்மேல் முத்திரை குத்திப் பறிமுதல் செய்து ரசீது கொடுக்கிறோம். பதில் பணம் கிடையாது. சந்தையில் வேர்க்கடலை விற்றவர் வாங்கி வந்த நோட்டாக இருக்கும்; அவருக்கு அதைக் கொடுத்தவனும் அறியாதவனாக இருக்கலாம். எங்கோ எவனோ செய்த குற்றம் கைகைகளாக மாறி, இனி யாரிடமும் தள்ளமுடியாத ஒருவர் கையில் வந்து நிற்கிறது. அவர் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகிறார்.

தவறான விலையும் இப்படித்தான் கைமாறுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு தவறு நேர்ந்த பிறகு அது காற்றில் கரைந்துபோவதில்லை. யாராவது ஒருவர் அதைத் தாங்கவேண்டும். ‘அனுப்புவானா?’ என்று கேட்பவர், அதைக் கம்பெனி தாங்கும், கம்பெனி பெரியது, அதற்கு உறைக்காது என்று நினைக்கிறார். பேச்சிலே ‘அவன்’ என்று ஒருமையில் சொன்னாலும், அந்த ‘அவனுக்கு’ முகம் இல்லை என்பதுதான் அவருடைய தைரியம்.

5

வங்கியில் ஒரு நியதி உண்டு. சாயங்காலம் கேஷ் எண்ணும்போது குறைந்தால், குறைந்ததைக் கேஷ் பார்த்தவர் தன் பணத்திலிருந்து கட்டவேண்டும். கூடினால் அது அவருக்கில்லை. சில்லறை வைப்புக் கணக்கு ஒன்றில் வரவு வைக்கப்படும். ஐந்நூறு ரூபாய்க் கட்டில் இரண்டு தாள் கூடப் போய்விட்டால் அது ஸ்தாபனத்தின் நஷ்டமாக ஒரு நாள் ராத்திரிகூட இருப்பதில்லை. ஒரு குமாஸ்தாவின் சம்பளத்திலிருந்து போகிறது. அந்தத் தாளைக் கவுண்டருக்கு வெளியே கொண்டுபோனவர் பாங்கிக்காரன் பணம் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார். அந்தப் பாங்கிக்காரன் யார் என்பதில்தான் பிசகு.

தவறு செய்தவன் தாங்கவேண்டும் என்பது நியாயம் போலத் தோன்றும். ஆனால் யாருடைய தவறு யாரிடம் போய் நிற்கிறது என்பது பெரும்பாலும் அவனவன் கைநீளத்தைப் பொறுத்தது. 2023 செப்டம்பரில் சென்னையில் ஒரு வாடகைக் கார் ஓட்டுநரின் கணக்கில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி தவறுதலாக 9,000 கோடி ரூபாயை வரவு வைத்துவிட்டது. ஏதோ மோசடி என்று நினைத்த அவர், பரீட்சை பார்க்க 21,000 ரூபாயை நண்பர் ஒருவருக்கு அனுப்பிப் பார்த்தார், போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் வங்கி மீதியைத் தானே திரும்ப எடுத்துக்கொண்டது. 9,000 கோடி சறுக்கியும் அதை மீட்பதற்கு அதன் கை எட்டுகிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவும், தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று அதன் பக்கம் நிற்கிறது.

இதே 72-ஆம் பிரிவு, கணக்கு எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றிப் போட்டு மகனுக்கு அனுப்பிய பணத்தை யாருக்கோ அனுப்பிவிட்ட வாடிக்கையாளருக்கும் உண்டு. ஆனால் அவர் கை எட்டாது. மனு எழுதவேண்டும், அந்த யாரோ சம்மதிக்கவேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், மின்னணுப் பரிமாற்றத்தில் பெறுபவரின் பெயரைப் பார்க்காமல் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010-இல் சொல்லிவிட்டது. காசோலையில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்து ஜெயிக்கும். இங்கே எண்ணும் பெயரும் முரண்பட்டால் எண் ஜெயிக்கும். அனுப்புவதற்கு முன் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் 2025 ஏப்ரலுக்குள் செய்து தரவேண்டும் என்று உத்தரவு வருவதற்குப் பதினான்கு வருஷங்கள் ஆயின. வேகம் வேண்டும் என்பதற்காக எழுத்தை விட்டோம். அந்த வேகத்தில் லாபம் பார்ப்பது ஸ்தாபனம். சறுக்கும்போது தாங்குவது பெரும்பாலும் தனிமனிதன்.

எழுத்து மட்டும்தான் ஆளைக் காட்டும் என்று நான் சொல்லவில்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார்கள். அங்கே எழுத்தும் இல்லை, வாய்ச்சொல்லும் இல்லை, வெறும் எண்தான். ஆனால் அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது. விரல் தவறிவிட்டால் முகம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கமிட்டி என்று நாம் சொல்லும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும், மணிலா மூட்டைக்கு வியாபாரிகள் சீட்டில் எண்ணைத்தான் எழுதிப் போடுகிறார்கள். பிரித்துப் பார்த்து உரக்கப் படிக்கும்போது எழுதினவர் கூடத்திலேயே நிற்கிறார். விலை கட்டவில்லை என்றால் மறுத்துவிட விவசாயிக்கு உரிமை இருக்கிறது. யாரும் யோக்கியர்கள் என்பதற்காக இந்த ஏற்பாடு வந்துவிடவில்லை. எடையிலும் விலையிலும் நடந்த மோசடிகளுக்காகத்தான் 1933-இல் சட்டமே வந்தது. ஆனால் ‘நீ எழுதினது இதுதானா?’ என்று கேட்பதற்கு அங்கே ஒருவர் இருக்கிறார். கேட்காமல் இருந்துவிட்டால், கேட்கவில்லை என்பது மற்றவனுக்கும் தெரியும்.

திரையில் அந்த ஒருவர் இல்லை என்று தோன்றுகிறது. தோன்றுகிறதே தவிர இல்லாமல் போவதில்லை. 66 என்ற எண்ணுக்குப் பின்னால் பயிற்சியில் உட்கார்ந்திருந்த ஊழியர் ஒருவர் இருந்தார். 1,749-க்குப் பின்னாலும் ஒரு சிறு விற்பனையாளரோ, மாதச் சம்பளக்காரரோ இருந்திருப்பார்.

6

இரண்டு நியாயங்களை நாம் குழப்பிக்கொள்கிறோம் என்று நினைக்கிறேன். கம்பெனி கொடுக்கவேண்டுமா என்பது ஒன்று. நான் எடுத்துக்கொள்ளலாமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு என் பதில் கம்பெனிக்குச் சாதகமாக இல்லை. ஆள் வைக்காமல், இரண்டு தடவை சொல்லிப் பார்க்காமல், எண்ணை மட்டும் ஓடவிட்டு லாபம் பார்க்கிற ஸ்தாபனம், எண் தடுக்கி விழும்போது அந்த நஷ்டத்தையும் தாங்கட்டும். அதைக் கீழே உள்ள குமாஸ்தாவின் தலையில் கட்டாமல் தாங்கட்டும். சில ஸ்தாபனங்கள் தாங்கவும் செய்திருக்கின்றன. 2002-இன் தொடக்கத்தில் இங்கிலாந்தில் 329 பவுண்டு காமிராவை 100 பவுண்டு என்று போட்டுவிட்ட கோடக், முதலில் மறுத்து, வாங்கியவர்கள் கூடிக் கிளம்பியதும் கடைசியில் 100-க்கே கொடுத்தது. இதை நேர்மை என்று சொல்லத் தயங்குவேன். சின்னப் பையன் கடைக்கு வந்தாலும் ஒரே விலை சொல்லும் கடைக்காரனைப் பற்றி 1785-இல் கான்ட் சொன்னதுதான் இதற்கும்: வியாபாரம் கெடாமல் இருக்கச் செய்கிறான், கடமை என்பதற்காகச் செய்தான் என்று அதைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

ஆனால் அவன் கொடுக்கவேண்டியவன் என்பதனால் நான் எடுத்துக்கொள்ளத் தக்கவன் ஆகிவிடுகிறேனா? ஒடிசா மாணவர் ஒரு மடிக்கணினி கேட்டார். சிங்கப்பூரில் ஆறு பேர் 1,606 பிரிண்டர் கேட்டார்கள். முதலாமவர் விலையை நம்பியிருக்கலாம், அல்லது நம்பவில்லை என்று யாரும் நிரூபிக்க முடியாது. இரண்டாமவர்களின் எண்ணிக்கையே அவர்களுக்கு எதிரான சாட்சி. தங்கம் என்று தெரிந்து பித்தளைக் காசு கொடுத்தவர்கள் அவர்கள். கம்பெனி மோசமானது என்பது இந்தத் தெரிதலை மாற்றிவிடாது. அது மோசமானதாக இருப்பது எதிரியின் குணம். தெரிந்துகொண்டு பேசாமல் இருப்பது என் செய்கை.

இதற்கு ஒரு ஆட்சேபம் வரும். வலியவன் எளியவனுடைய அறியாமையில் தினமும் வாழ்கிறான். எளியவன் ஒரு நாள் வலியவனுடைய அறியாமையில் வாழ்ந்துவிட்டால் மட்டும் தர்மம் பேச வந்துவிடுகிறாயே என்று கேட்பார்கள். நண்பர்கள் கேட்டுமிருக்கிறார்கள். கேட்கத் தகுந்த கேள்விதான். என் பதில் இவ்வளவே. ஏமாற்றுகிறவனோடு சண்டை போடலாம்; வழக்குப் போடலாம்; அவன் கடைக்குப் போகாமல் இருக்கலாம். ஒடிசா மாணவர் ஆறு வருஷம் விடாமல் போராடினார். ராத்திரியில் ஒரு எண்ணைப் பார்த்து, சத்தம் போடாமல் மூன்று வாங்கிக்கொண்டு, அனுப்புவானா என்று காத்திருப்பது சண்டை ஆகாது. அது அவனுடைய முறையை நாமும் கற்றுக்கொண்டுவிட்டோம் என்பதுதான். பிறருடைய அறியாமையில் வாழ்வது அவன் தொழில் என்று குற்றம் சொல்லிக்கொண்டே, அதை நாம் பகுதி நேரமாகச் செய்து பார்க்கிறோம்.

இதில் இழப்பது கம்பெனியின் பணம் மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கை சறுக்குவது மனிதருக்கு இயல்பு. சறுக்கினால் எதிரில் இருப்பவர் சொல்வார் என்ற சிறிய நம்பிக்கையில்தான் கணக்கு எழுதுகிறோம், சில்லறை எண்ணுகிறோம், சீட்டு எழுதிப் போடுகிறோம். எங்கள் கவுண்டரில் பணம் வாங்கிக்கொண்டு வெளியே போய் எண்ணிப் பார்த்து, ‘தம்பி, ஒரு தாள் கூட இருக்குது பாரு’ என்று திரும்பி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், பெரும்பாலும் கிராமத்திலிருந்து வருகிறவர்கள். வங்கியைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்திருப்பதற்கு அவர்களுக்குக் காரணம் எதுவும் இல்லை. கள்ள நோட்டுக்கு ரசீது வாங்கிப் போனவர்களும் அவர்களில் இருப்பார்கள். அந்த ஒரு தாள் யாருடையது என்று சட்டத்தை வைத்து அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. தங்களுடையது இல்லை என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொள்வதற்கு அவர்களுக்கு வங்கி யோக்கியமாக இருக்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.